எண்பத்தொன்று புள்ளி ஆறு

எட்டு வாரமாய் அதே எண்.
குளியலறைத் தராசுக்கு வேறு இலக்கம் தெரியாதோ என்று
அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்தேன்.
பத்து என்றது, ஒரு புள்ளி பிசகாமல்.
பிழை தராசில் இல்லை.
மூட்டை இன்னும் பிரிக்கப்படாமல் குசினி மூலையில்.
கணவர் அதன்மேல் குடையை வைக்கிறார்.

தொடக்கத்தில் நன்றாகத்தான் போனது.
சோறு, பாண், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விட்டு
இரண்டு மாதத்தில் ஆறு கிலோ.
சீருடைக்குள் கொஞ்சம் காற்று நடமாடியது.
பிறகு நின்றது.

ஒல்டனுக்குள் நுழையுமுன்
சிவப்பு விளக்குக்கு நிற்கிற ரயில் மாதிரி.
மேடை தெரிகிறது, ஏற நிற்பவர்கள் தெரிகிறார்கள்,
கதவு மட்டும் திறக்காது.
அறிவிப்பும் இல்லை.

அந்த ரயில்களைத்தான் நான் இரவில் கூட்டித் துடைக்கிறேன்.
இருக்கைக்கு அடியில் கிடப்பதெல்லாம் மாவுச்சத்து:
பிரெட்செல் துணுக்கு, யாரோ ஒரு பிள்ளை
கடித்துவிட்டு மனம் மாறிய பிஸ்கட்.
இரண்டரை மணிக்கு என் பெட்டியைத் திறப்பேன்.
அவித்த முட்டை இரண்டு, சீஸ், வெள்ளரிக்காய்.
"உன் சாமிக்கு நேர்த்தியா?" என்றாள் ஷ்பிரெசா.
"இல்லை, தைரொயிட்" என்றேன்.
அதையும் ஒரு சாமியென்று நினைத்து
நெஞ்சில் கைவைத்தாள்.

திரிம்பாக் மண்டபத்தில் ஒரு சாமத்தியவீடு.
நான் கோழியை மட்டும் எடுத்ததை மூன்று பேர் பார்த்தார்கள்.
"சோறில்லாமலே இவ்வளவா?" என்றாள் ஒருத்தி,
"இவ்வளவு" என்ற சொல்லைக் கொண்டுவந்து
என் இடுப்பில் வைத்துவிட்டு.

அன்றிரவிலிருந்து இன்னும் குறைத்தேன்.
வெங்காயத்தைக்கூட எண்ணிப் போட்டேன்.
முடி கொட்டியது. விரல் விறைத்தது.
கணவரின் பெயரைச் சொல்லக் கூப்பிட்டு
என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்தது.
குறைந்ததெல்லாம்
எடையில்லாத சாமான்கள்.

புது டொக்டர், வூத்ரிச் என்று பெயர்,
இரத்த அறிக்கையை இரண்டு தரம் வாசித்தாள்.
பழையவர் ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டி
அடுத்த தவணையைக் குறித்துத் தந்தவர்.
இவள் ஒன்றுதான் கேட்டாள்:
"குளிசையை எதனோடு விழுங்குகிறீர்கள்?"

பதின்மூன்று வருடம்.
ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
வேலை முடிந்து ஆறு மணிக்கு,
பட்டர் போட்டு அடித்த கோப்பியோடு.
கொழுப்பும் மருந்தும் ஒரே மடக்கில்,
கெட்டிக்காரியாய்.
அவள் பேனையைக் கீழே வைத்தாள்.
சிரிக்கவில்லை, அதற்கு நன்றி.
"முக்கால்வாசி நாள் உங்கள் மருந்தை
கோப்பிதான் குடித்திருக்கும்.
தண்ணீரோடு போடுங்கள். ஒரு மணி நேரம் பொறுங்கள்.
பட்டினி கிடக்க வேண்டாம்."

அந்த ஒரு மணி நேரம்!
வீட்டில் இருந்தால் கை கேத்திலுக்குப் போகும்.
ஆகவே மரப்பாலத்துக்கு நடக்கிறேன்.
மூடுபனியில் ஆரே ஆறு தெரியாது,
கீழே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.
காணாத ஓட்டத்தை நம்பி நிற்க
எனக்கு வராது. நின்றேன்.

மூன்றாம் வாரம்: எண்பத்தொன்று புள்ளி ஆறு.
நாலாம் வாரம்: எண்பத்தொன்று புள்ளி ஏழு.
அன்று தராசை உதைத்தேன், கால்விரல் வீங்கியது.

ஆறாம் வாரம் வாளியைக் கைமாற்றும்போது ஷ்பிரெசா
"என்ன, உன் கை சூடாயிருக்கு" என்றாள்.
அடுத்த நாள் காலை
எண்பத்தொன்று புள்ளி ஒன்று.
"அரைக் கிலோதானே, தண்ணியாயிருக்கும்" என்றார் அவர்,
குடையை எடுத்துக்கொண்டு.
இருக்கட்டும்.

நிலையத்துக்கு வெளியே நிற்கிற ரயில்
அசையும்போது முதலில் தெரியாது,
நகர்வது நாமா, பக்கத்து ரயிலா என்று.
ஏதாவது ஒரு கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
பார்க்கிறேன்.
கம்பம்
மெல்லப் பின்னால் போகிறது.